பெயரில் ஒளியும் போதை

காவிரி பாயும் தஞ்சைத் தரணியில் போதைக்கு நல்ல நல்ல பெயர்கள் வழங்குகின்றன. அப்பெயர்களைத்தான் நாம் இங்கே சோதிக்கிறோம். கஞ்சாவுக்குச் ‘சிவமூலி’ என்று பெயர். சாமியார் புகைத்தால் அது தவமாம். நடவாளின் மகன் புகைத்தால் காலித்தனமாம்! 1893-94இல் வெள்ளையர் ஆட்சி அமைத்த கஞ்சா விசாரணைக் குழுவும், முழுத்தடை வேண்டாமென்றபோது மத வழக்கத்தைத் துணைக்கு அழைத்தது. கலால் வருவாயும் அரசுக்கு இனித்தது. அது வேறு கதை. இன்றோ வேதாரண்யம் கடற்கரையில், இலங்கைக்குப் போகவிருந்த ‘சிவமூலி’ மூட்டை மூட்டையாகப் பிடிபடுகிறது. சிவனுக்கும் கடத்தல்காரனுக்கும் என்ன உறவோ!

மற்றொரு பெயர் ‘வலி மாத்திரை’. டேபென்டடால், அபினைப் போலவே மூளையில் வேலை செய்யும் மருந்து. மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதது. அதைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞன், “மருந்துதானே!” என்கிறான். விழுங்கச் செய்த மாத்திரையின் மாவு இரத்தக் குழாயை அடைக்கும். பழகிய உடல் மேலும் மேலும் கேட்கும். மறுத்தால் வியர்க்கும், நடுங்கும், உறக்கம் தொலையும். அளவு மீறினாலோ மூச்சே நின்றுவிடும். அவனுக்கு மந்திரித்துக் கயிறு கட்ட ஊரெல்லாம் ஆள் உண்டு. தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வழி சொல்லத்தான் ஆளில்லை!