ஊறிய தோல்

ஆவாரம்பட்டைச் சாற்றில் தோல் பதமாக வாரக்கணக்கில் ஊற வேண்டும்; குரோம் உப்பிலோ சில நாளே போதும். எங்கள் ஆம்பூர்ப் பக்கத்தில் சிறுபிள்ளைக்கும் இது தெரியும். செருப்பை மாட்டிக்கொள்கிறவர் மட்டும் அந்த வாரங்களை எண்ணுவதில்லை. டொரொண்டோவில் ‘விசை கேம்ஸ்’ என்ற சிறு குழு செய்த ‘வெண்பா’ வீடியோ கேமுக்கும் அதே கதிதான். முன்பே அறிவித்ததை 2023 ஜூலையில்தான் வெளியிட்டார்கள். ஆடி முடிக்க இரண்டு மணிகூட ஆகாது. ‘கொடுத்த காசுக்கு இவ்வளவுதானா?’ என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. நியாயமில்லாத முணுமுணுப்பு. கனடாவில் குடியேறிய தமிழ்த்தாய், எழுத்தழிந்த சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு இட்லித் தட்டுகளை அடுக்குகிறாள். துளை பார்த்து மாற்றி அடுக்க வேண்டும். இந்தச் சின்னக் காரியத்தை நம் கைக்கும் பழக்கிவிடுகிறார்களே, அது மாதக்கணக்கான உழைப்பு. மகன் கவின் வளர்ந்த பிறகு வரும் பகுதிதான் அவசரம். அங்கே தோல் இன்னும் ஊறவில்லை.