இரண்டாவது ஷரத்தும் பழைய கடனும்: மாநில அந்தஸ்து விவாதம் பற்றி ஒரு விமர்சனம்

புதுச்சேரியில் மாநில அந்தஸ்துப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு காகிதம் தவறாமல் மேடைக்கு வந்துவிடும். 1956 மே 28-ல் இந்தியாவும் பிரான்சும் கையெழுத்திட்ட ஒப்படைப்பு ஒப்பந்தம், அதிலும் குறிப்பாக இரண்டாவது ஷரத்து. சட்டமன்றம் எத்தனையோ முறை தீர்மானம் போட்டாச்சு, 2023 மார்ச்சில்கூட ஒருமனதாகப் போட்டார்கள். மேடைக்கு வராத காகிதம் ஒன்று உண்டு. அது நம்ம வரவு செலவுக் கணக்கு. இந்த விவாதத்தின் மேல் எனக்கிருக்கும் குறை அதுதான்.

முதலில் ஷரத்தை நிதானமாகப் படிப்போம். 1954 நவம்பர் 1-க்கு முன்பு இந்தப் பகுதிகளுக்கு இருந்த தனி நிர்வாக நிலையின் பலன் தொடரும், அதில் பின்னால் அரசியல் சட்டரீதியாக மாற்றம் செய்வதானால் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே செய்யலாம் என்கிறது. சாரம் அவ்வளவுதான். மாநிலம் ஆக்குவோம் என்ற வாக்குறுதி அதில் எங்கேயும் இல்லை. அது ஒரு பூட்டு. நம்மைக் கேட்காமல் யாரும் நம்ம நிலையை மாற்ற முடியாதபடி போட்ட பூட்டு.

அந்தப் பூட்டு ஒரு தடவை நன்றாகவே வேலை செய்தது. 1979 ஜனவரியில், பிரதமர் மொரார்ஜி தேசாய் புதுச்சேரியைத் தமிழ்நாட்டோடு இணைக்கலாம் என்று பேசியபோது ஊரே தெருவுக்கு வந்தது. பேச்சு அத்தோடு நின்றது. ஆனால் பூட்டைக் காட்டி வீட்டை அகலப்படுத்தித் தரச் சொல்ல முடியாது. இணைப்பைத் தடுக்க உதவிய ஷரத்து, மாநில அந்தஸ்தைக் கேட்க அதே அளவு உதவும் என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் தப்பு.

இன்னொன்று, மக்களின் விருப்பத்தை எப்படி அறிவது என்று ஷரத்து சொல்லவில்லை. சந்திரநாகூரில் 1949-ல் மக்களே வாக்களித்தார்கள். இங்கே 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் வாக்களித்தவர்கள் 178 மக்கள் பிரதிநிதிகள். 170 பேர் இந்தியாவோடு சேர ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. எந்த முறை சரி என்பதை ஒப்பந்தம் திறந்தே விட்டிருக்கிறது. சட்டமன்றத் தீர்மானத்தை டெல்லி சுலபமாக ஓரம் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

யாருமே மேற்கோள் காட்டாதது அடுத்து வரும் மூன்றாவது ஷரத்து. இந்தப் பகுதிகளைப் பொறுத்தவரை பிரெஞ்சு நிர்வாகத்தின் செயல்களால் உண்டான உரிமைகளையும் கடப்பாடுகளையும் இந்திய அரசு ஏற்கும் என்கிறது அது. ஆட்சி கை மாறும்போது பழைய பொறுப்பு யார் தலையில் விழும் என்ற கேள்விக்கு அந்த இடத்திலேயே பதில் எழுதிவிட்டார்கள். பின்னால் நமக்கு வாய்க்காதது இந்த ஒழுங்குதான்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது 1790-ன் அமெரிக்கா. சுதந்திரப் போர் முடிந்து, புது அரசியல் சட்டம் வந்து, கஜானா காலி. மத்திய அரசின் கடன் சுமார் 5.4 கோடி டாலர். அது போக மாநிலங்கள் போருக்காக வாங்கிய கடன் சுமார் 2.5 கோடி. முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன், மாநிலக் கடன்களையும் மத்திய அரசே ஏற்கட்டும் என்றார். கடன் குவிந்திருந்த மாசசூசெட்ஸுக்கும் தென் கரோலினாவுக்கும் சந்தோஷம். தன் கடனில் பெரும்பகுதியை அடைத்திருந்த வர்ஜீனியாவுக்குக் கோபம். ஒழுங்காகக் கட்டினவன் கட்டாதவனுக்கும் சேர்த்துக் கட்டணுமா என்ற கேள்வி. மேடிசன் எதிர்த்தார், ஏப்ரலில் பிரதிநிதிகள் சபையில் திட்டம் தோற்றது.

பிறகு பேரம் நடந்தது. ஜெபர்சன் வீட்டு விருந்தில் பேசி முடித்ததாக அவரே பின்னாளில் எழுதிவைத்தார். தலைநகரம் தெற்கே பொட்டோமாக் நதிக்கரைக்குப் போகும், பதிலுக்குக் கடன் ஏற்பு நிறைவேறும். ஜூலையில் தலைநகரச் சட்டம், ஆகஸ்டில் கடன் சட்டம். விருந்துக் கதையை எல்லாரும் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பின்னால் நடந்த சலிப்பான வேலை. எந்த மாநிலம் போருக்கு எவ்வளவு செலவழித்தது என்று ஆணையர்கள் உட்கார்ந்து கணக்குப் பார்த்து 1793-ல் முடித்தார்கள். கூடுதலாகச் செலவழித்த மாநிலங்களுக்கு அதற்கேற்றபடி வரவு வைக்கப்பட்டது. வரி போடும் அதிகாரமும் கடன் பொறுப்பும் ஒரே கைக்கு வந்தன.

புதுச்சேரியில் இவை இரண்டும் ஒரே கைக்கு வரவே இல்லை. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியான இணைப்பு, 1963-ல் யூனியன் பிரதேசங்கள் ஆட்சிச் சட்டம். சட்டமன்றம் வந்தது, அமைச்சரவை வந்தது. ஆனால் பட்ஜெட்டைச் சபையில் வைக்கவே குடியரசுத் தலைவரின் முன் ஒப்புதல் வேண்டும், நடைமுறையில் டெல்லியின் ஒப்புதல். 2022-23-ன் முழு பட்ஜெட் சட்டமன்றத்துக்கு வந்தபோது ஆகஸ்ட் மாசம். அமைச்சரவைக்கும் துணைநிலை ஆளுநருக்கும் கருத்து வேறுபட்டால் விஷயம் குடியரசுத் தலைவருக்குப் போகும். முப்பது பேரை நாம் தேர்ந்தெடுக்க, மூன்று பேர் வரை மத்திய அரசு நியமிக்கலாம். அவர்களுக்கும் ஓட்டு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது.

இந்த ஏற்பாட்டிலும் ஒரு சௌகரியம் இருந்தது. பெட்டிச் சாவி டெல்லியிடம் என்றால் பெட்டியின் கவலையும் பெரும்பாலும் டெல்லியுடையது. 2007 டிசம்பரில் அது மாறியது. புதுச்சேரிக்குத் தனிப் பொதுக் கணக்கு தொடங்கி, வெளிச்சந்தையில் கடன் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். மத்திய அரசிடம் அதுவரை வாங்கிய பழைய கடன் நம்ம பேரிலேயே நின்றது. அதைத் தள்ளுபடி செய்யச் சொல்லி, கட்சி வித்தியாசம் இல்லாமல் முதலமைச்சர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆக 1963-ல் கணக்கு இல்லாத அதிகாரம், அதுவும் அரைகுறையாக. 2007-ல் அதிகாரம் இல்லாத கணக்கு. தனிக்குடித்தனம் போன பையனிடம் மளிகைக் கடனைக் கொடுத்துவிட்டு, வீட்டுச் சாவியை அப்பாவே வைத்துக்கொண்ட மாதிரி.

இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. ஜிஎஸ்டி விஷயத்தில் சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசமும் மாநிலம்தான் என்று அரசியல் சட்டமே வரையறுக்கிறது. ஜிஎஸ்டி கவுன்சிலில் நமக்கு இடம் உண்டு, 2022 ஜூன் வரை இழப்பீடும் உண்டு. ஆனால் வரியைப் பங்கு போடும் நிதிக்குழு என்று வந்தால் நாம் மாநிலம் இல்லை. வரியைக் கொடுக்கும் வாசலில் மாநிலம், வாங்கும் வாசலில் யூனியன் பிரதேசம்.

"அதனாலதான் மாநில அந்தஸ்து கேட்கிறோம்" என்பார்கள். நியாயம். ஆனால் கிடைத்தால் கையில் என்ன வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் யார்? எல்லாரும் கோவாவைக் காட்டுகிறார்கள். 1987-ல் மாநிலமான கோவாவுக்கு, மாநிலங்களின் பங்கில் பதினைந்தாவது நிதிக்குழு கொடுத்தது 0.386 சதவீதம். அந்தச் சூத்திரத்தில் 45 சதவீத எடை ஏழை மாநிலங்களுக்குச் சாதகமான வருமான இடைவெளிக்கு. 2011 கணக்கெடுப்பில் கோவாவின் மக்கள்தொகை 14.58 லட்சம், நம்முடையது 12.48 லட்சம், தனிநபர் வருமானமும் தேசிய சராசரிக்கு மேலே. அப்படியிருக்க, வரும் பங்கு இப்போது வரும் மத்திய மானியத்தைவிட அதிகமா, குறைவா? அந்த ஒரு வரியை எழுதாமல் எத்தனை தீர்மானம் போட்டாலும் அது வெறும் தன்மானப் பேச்சாகவே நிற்கும்.

எதிர்த்தரப்பும் கணக்குப் போடுவதில்லை. "மாநிலம் ஆனால் கடனில் மூழ்கிடுவோம், இருக்கிறதே போதும்" என்கிறார்கள். கடன் ஏற்கனவே நம்ம பேரில்தானே இருக்கு? அந்தஸ்து வராமலே சுமை வந்தாச்சு. இவர்களுக்கு வாஷிங்டன் நகரத்தைத்தான் காட்டத் தோன்றுகிறது. 1790 பேரத்தில் பிறந்த அந்த நகரத்து மக்களுக்கு இன்றுவரை காங்கிரசில் வாக்குரிமையுள்ள உறுப்பினர் கிடையாது. அடுத்தவர் கடனைத் தீர்க்கும் பேரத்தில் அவர்கள் ஓட்டு போனது. ஆனால் அங்கேகூட, நகர நிர்வாகம் திவாலாகும் நிலைக்குப் போனபோது, 1997-ல் மத்திய அரசு பழைய ஓய்வூதியப் பொறுப்பைத் தன் தலையில் எடுத்துக்கொண்டது. முழு அந்தஸ்து இல்லாத ஊரின் பழைய சுமையையும் மத்திய அரசு ஏற்கலாம் என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

என் ஒப்பீட்டிலும் ஓட்டை உண்டு. வர்ஜீனியாவிடம் பேரம் பேச ஓட்டு இருந்தது. நம்மிடம் மக்களவையில் ஒருவர், மாநிலங்களவையில் ஒருவர். ஹாமில்டன் திட்டமும் புனிதமானதில்லை. சம்பளத்துக்குப் பதிலாகப் பத்திரம் வாங்கிய சிப்பாய்களிடமிருந்து அதைச் சல்லிசாக வாங்கி வைத்திருந்தவர்கள்தான் லாபம் பார்த்தார்கள்.

ஓட்டு பலம் இல்லாதவன் கணக்கோடு போனால்தான் பேச்சுக்கு மதிப்பு. அதனால் அடுத்த தீர்மானத்தோடு ஒரு வெள்ளை அறிக்கையும் வரணும் என்பதுதான் என் கோரிக்கை. 2007-ல் நம் தலையில் விழுந்த கடன் எவ்வளவு, அதற்கு இதுவரை கட்டிய அசலும் வட்டியும் எவ்வளவு, நிதிக்குழுவில் சேர்ந்தால் வருவது எவ்வளவு, போவது எவ்வளவு. காரைக்கால், மாகி, ஏனாமுக்கும் தனித்தனியாக. கேட்கும் வரிசையும் மாறணும். முதலில் பழைய கடன், அடுத்து நிதிக்குழுவில் இடம், பிறகு அந்தஸ்து. கடனோடு அந்தஸ்தை வாங்கிக்கொண்டால், பிற்பாடு கடனைப் பற்றிப் பேச டெல்லியில் யாரும் உட்கார மாட்டார்கள்.

1956-ல் ஒப்பந்தம் எழுதியவர்கள் உரிமையையும் கடப்பாட்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்தார்கள். நாம் ஏழு பத்தாண்டுகளாக அதற்கு முந்தின ஷரத்தோடு படிப்பதை நிறுத்திக்கொண்டிருக்கிறோம்.