நாடக மேடை ஏணியா?

நடிப்பைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் இளைஞர்க்கு நம்மவர் வழங்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றே. முதலில் மேடையில் பழகு. பிறகு சின்னத்திரையில் முகம் காட்டு. வாய்த்தால் குறும்படம், சிறுமுதலில் எடுக்கும் படம். அதற்கும் மேலே பெரும்படம். இதனை ஓர் ஏணியாகவே நாம் மனத்தில் வரைந்து வைத்திருக்கிறோம். மேலேறியவர் கீழ்ப்படியைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை என்பதும் இவ்வுவமைக்குள் அடங்கிக் கிடக்கிறது.

அண்மையில் என் பழைய மாணவர் ஒருவர் வந்திருந்தார். “ஐயா, தொலைக்காட்சியில் சிறுவேடங்கள் தொடர்ந்து வருகின்றன. இனி நாடக ஒத்திகைக்குப் போவது வீண்வேலை என்கிறார்கள். விட்டுவிடலாமா?” என்று கேட்டார். என்னால் உடனே விடை சொல்ல இயலவில்லை. ஏணிக் கருத்து எவ்வளவு தூரம் மெய்யென்று, தமிழ்நாட்டில் நாம் அறிந்த ஒரு நாடகக் குழுவையும் அதனோடு தொடர்புடைய நடிகர் மூவரையும் கொண்டு பார்க்கலாம் என்று தோன்றிற்று.

அக்குழு கூத்துப்பட்டறை. எழுத்தாளர் ந. முத்துசாமி 1977 இல் சென்னையில் தொடங்கியது. சிறுகதையாசிரியராகப் பெயர் பெற்றிருந்த அவர், புரிசைத் தெருக்கூத்தைக் கண்டு வியந்து, தமிழுக்கென ஒரு நாடக மொழி அங்கேயே இருக்கிறது என்று துணிந்தவர். 2012 இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2018 அக்டோபர் 24 ஆம் நாள் மறைந்தார். குழுவுக்கு அவர் இட்ட பெயரைத் தமிழாசிரியர்கள் சற்று உற்றுநோக்க வேண்டும். மன்றம், சபை, கழகம் என்றெல்லாம் சொற்கள் இருக்க, அவர் எடுத்தது பட்டறை என்னும் சொல்லை. கொல்லனும் தச்சனும் நாள்தோறும் உழைக்கும் இடத்தின் பெயர் அது. தெருக்கூத்தின் அடவு, சிலம்பம், களரி, குரற்பயிற்சி என உடம்பைப் பண்படுத்தும் வேலையே அங்கு முதலில் வைக்கப்பட்டது. வசனம் பிறகுதான் வந்தது. நம் சபா நாடகங்கள் பலவற்றில் நடிகர் கழுத்துக்கு மேலேதான் நடிப்பார். கீழே உள்ளது வேட்டியைத் தாங்கும் கழியாக நிற்கும். அக்குறையை முத்துசாமி கண்டுகொண்டார் என்பதே என் கருத்து.

அங்கு வளர்ந்தவர் பசுபதி. 2004 இல் வெளிவந்த ‘விருமாண்டி’யில் ஒரே நிகழ்ச்சி இருவர் வாயால் இருவேறு வகையாகச் சொல்லப்படுகிறது. தன் வாய்மொழியில் கொத்தாளத் தேவர் நியாயம் உடையவராகத் தோன்றுகிறார். மற்றவர் வாய்மொழியில் வஞ்சகராகிறார். முகம், மீசை, நடை யாவும் ஒன்றே. மனிதர் மட்டும் வேறு. ஒரே பாத்திரத்தை இரண்டு கண் வழியே பார்த்து நடிக்கும் இவ்வேலை, வரிசை மாறித் துண்டு துண்டாகப் படமெடுக்கும் இடத்தில் எளிதன்று. அடுத்து, வசந்தபாலனின் ‘வெயில்’ (2006). தந்தையின் கொடுந்தண்டனைக்கு ஆளாகி ஊரைவிட்டு ஓடி, ஒரு படக்கொட்டகையில் படம் ஓட்டுபவனாக வளர்ந்து, எல்லாம் இழந்து வீடு திரும்பும் முருகேசன் அவர். கூத்து, உடலைப் பெரிதாக்கிக் காட்டும் கலை. இப்படத்தில் பசுபதி அதே உடலைச் சிறிதாக்கிவிடுகிறார். சொந்த வீட்டுத் திண்ணையில் விருந்தாளிபோல் ஒடுங்கி உட்காருகிறார். விரிக்கத் தெரிந்தவர்க்கே இவ்வாறு மடக்கவும் தெரியும். 2021 இல் ‘சார்பட்டா பரம்பரை’யில் குத்துச்சண்டை வாத்தியார் ரங்கனாக வந்தபோது, அவர் நிமிர்ந்து நிற்கும் நிலையிலேயே அப்பரம்பரையின் பெருமை தெரிந்தது.

குரு சோமசுந்தரம் மதுரைக்காரர். பல ஆண்டுகள் கூத்துப்பட்டறையில் இருந்தவர். தியாகராஜன் குமாரராஜாவின் ‘ஆரண்ய காண்டம்’ 2011 இல் திரைக்கு வந்தது. முதற்படத்துக்கான தேசிய விருது பெற்ற அப்படம் கொட்டகைகளில் பெரும்பொருள் ஈட்டவில்லை. அதில் அவர் ஏற்றது, வாழ்ந்து கெட்டுக் குடியில் விழுந்த ஒரு தந்தையின் வேடம். படம் பார்த்தவர் மறவாமல் நினைவு கூர்ந்தது அத்தந்தையையும் அவர் மகனையும்தான். 2016 இல் ராஜு முருகனின் ‘ஜோக்கர்’ அவரைத் தலைமைப் பாத்திரமாக்கிற்று. இந்தியாவின் குடியரசுத் தலைவர் தாமே என்று அறிவித்துக்கொண்டு ஊரூராய் அலையும் மன்னர் மன்னன், வெளியில் மேடைக்குரலில் முழங்குகிறான். நினைவிழந்து படுக்கையில் கிடக்கும் மனைவியின் அருகே வந்ததும் அக்குரல் முற்றும் வற்றிப்போகிறது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவே அப்படத்தின் பொருள் என்பேன். இத்தகைய நடிகர்க்கு அடுத்த பெரும்பெயர் கிடைத்தது தமிழில் அன்று. 2021 இல் இணையவழியே வெளிவந்த ‘மின்னல் முரளி’ என்னும் மலையாளப் படத்தில். தமிழ்ப் படத்துறை இதற்கு நாணவேண்டும்.

மூன்றாமவர் விஜய் சேதுபதி. ஏணிக் கதையை நம்புவோர் எடுத்துக்காட்டாகச் சொல்வது இவரைத்தான். துபாயில் கணக்கு வேலை பார்த்துத் திரும்பியவர், கூத்துப்பட்டறையில் கணக்கராகச் சேர்ந்தார். நடிகர்களை அருகிருந்து கவனித்தார். 2004 இல் ஒரு படத்தில் கூட்டத்தில் ஒருவர். 2006 இல் ‘பெண்’ என்னும் தொலைக்காட்சித் தொடர். பிறகு, கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சிக்காக இளைஞர்கள் எடுத்த குறும்படங்கள். 2010 இல் சீனு ராமசாமியின் ‘தென்மேற்குப் பருவக்காற்று’ அவரைத் தலைவனாக்கியது. 2012 இல் ‘பீட்சா’ வந்தது. அதை எடுத்த கார்த்திக் சுப்பராஜ் குறும்படக் காலத்துத் தோழர். பார்த்தால் படி படியாக ஏறியதுபோலவே இருக்கிறது. ஆனால் உற்றுநோக்குங்கள். அவரைத் தூக்கிவிட்டது மேடைப் பயிற்சி என்று சொல்ல முடியுமா? பசுபதியும் சோமசுந்தரமும் பட்டறையில் உடம்பை அடித்து உருவாக்கியவர்கள். இவரோ பெரிதும் பார்த்துக் கற்றவர். இவரது வன்மை, நடிப்பே இல்லாததுபோல் பேசும் பேச்சு. அது ஒலிவாங்கிக்கு அருகே பிறக்கும் கலை. கடைசி வரிசைக்குக் குரல் எட்டவேண்டிய மேடைக்குரியதன்று. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ‘சூப்பர் டீலக்ஸ்’ (2019) படத்துக்கு அவர் பெற்ற தேசிய விருது தகுதியானதே. மூவரையும் ஒரே ஏணியில் நிறுத்துவது பொருந்தாது என்பதே நான் சொல்வது.

இதே விஜய் சேதுபதி, மேடைக்கும் திரைக்கும் உள்ள உறவையே கதையாகக் கொண்ட ஒரு படத்தில் நடித்தார். பாலாஜி தரணீதரன் இயக்கிய ‘சீதக்காதி’ (2018) அது. அய்யா ஆதிமூலம் என்னும் முதிய நாடக நடிகர், பார்ப்போர் குறைந்துபோன அரங்கில் விடாது நடித்து, மேடையிலேயே உயிர் விடுகிறார். பிறகு அவர் ஆன்மா, நடிக்கத் தெரியாத திரைநடிகர்களின் உடலில் புகுந்து நடித்துக் கொடுக்கிறது. நாடகக் கலைஞர்க்குச் செய்த வணக்கம் என்று பலரும் புகழ்ந்தனர். அந்த நன்னோக்கை நான் மதிக்கிறேன். ஆயினும் அப்படத்தின் அடிப்படைக் கருத்து, முத்துசாமி நாற்பதாண்டு பாடுபட்டுச் சொன்னதற்கு நேர்மாறானது. நடிப்பு என்பது ஓர் ஆன்மா, எந்த உடலிலும் புகக்கூடியது என்கிறது படம். பட்டறை சொன்னது, நடிப்பு உடலில் இருக்கிறது என்பது. ஆதிமூலத்தின் முழங்கால், மூச்சு, முதுகெலும்பு ஆகியவற்றில் ஐம்பதாண்டுப் பழக்கம் தங்கியிருக்கிறது. அது அவரோடு எரிந்துபோகும். அதனால்தான் ஒரு நடிகரின் மறைவு இழப்பாகிறது. இன்னுமொன்று: செத்த பிறகு திரைக்கு உதவிய பின்னரே ஊரார் அவரைப் போற்றுகின்றனர். மேடையைப் போற்ற வந்த படமும் ஏணியைத்தான் கொண்டுவந்து சார்த்துகிறது!

இங்கே எனக்கு எதிராகவே ஒரு சான்றைச் சொல்லியாக வேண்டும். மணிகண்டனின் ‘கடைசி விவசாயி’ (2022) படத்தில் தலைமை வேடம் ஏற்ற நல்லாண்டி, மேடையே காணாத முதிய உழவர். படம் வெளிவருமுன் அவர் காலமானார்; தேசிய விருதுக் குழு அவரைச் சிறப்பாகக் குறிப்பிட்டுப் பாராட்டிற்று. அதே படத்தில் ராமையா என்னும் பாத்திரத்தில் வரும் விஜய் சேதுபதியின் அருகே அவர் எவ்விதத்திலும் தாழவில்லை. அவ்வளவு தொலைவு போவானேன்? சிங்கப்பூரில் எரிக் கூ எடுத்த ‘மை மேஜிக்’ தமிழ் பேசும் படம். 2008 இல் கான் விழாவின் முதன்மைப் போட்டியில் இடம் பெற்றது. அதன் தலைவர் பிரான்சிஸ் போஸ்கோ, தொழிலால் மந்திர வித்தைக்காரர், திரைநடிகர் அல்லர். ஆக, பயிற்சி இல்லாதவரையும் படக்கருவி ஏற்றுக்கொள்கிறது. பொருத்தமான முகம், பொறுமையான இயக்குநர், நல்ல தொகுப்பாளர் இருந்தால் போதும். மேடையோ அப்படி ஏற்காது. இரண்டு மணி நேரம் இடைவிடாது, திருத்த வழியின்றி, ஓர் உடம்பும் குரலும் நின்றாக வேண்டும்.

இதிலிருந்து நான் பெறும் முடிவு நாடக அன்பர்கள் சிலருக்குக் கசக்கலாம். ‘நாடகம் பயின்றால் திரையில் உயரலாம்’ என்று சொல்லி மேடைக்கு ஆள் சேர்ப்பதை நாம் நிறுத்தவேண்டும். திரைக்கு மேடை இன்றியமையாததன்று. அவ்வாறு சொல்லிச் சேர்க்கும் இளைஞர் முதல் வாய்ப்பிலேயே போய்விடுவார். போனவரை நோவதும் முறையன்று, நாம்தானே அதை ஏணி என்றோம்? மேடை தன்பொருட்டே பயிலத்தக்க கலை. திரையில் கிடைப்பது பக்கவிளைவு.

நம் முன்னோர் இதை நம்மைவிட நன்றாக அறிந்திருந்தனர். எம். ஆர். ராதா ‘இரத்தக் கண்ணீர்’ 1954 இல் படமான பின்னும் அதே நாடகத்தை மேடையில் விடவில்லை. சிவாஜி கணேசன் 1952 இல் ‘பராசக்தி’யால் உச்சிக்குப் போனவர், அதற்குப் பின்னர்தான் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ நாடகத்தை மேடையேற்றினார், 1959 இல் அது படமாயிற்று. உச்சியில் நின்றவர் கீழ்ப்படி என்று சொல்லப்பட்டதற்கு ஏன் இறங்கி வந்தார்? அவர்க்கு அது கீழாகத் தோன்றவில்லை.

எஞ்சி நிற்பது சோற்றுக் கேள்வி. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை வகுப்பில் நடத்தும்போது, ஆடலாசான், இசையாசான், அரங்கின் அளவு என்றெல்லாம் விளக்கிவிட்டு, ஒரு செய்தியை விரைந்து கடந்துவிடுகிறோம். ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறிய மாதவிக்கு மன்னன் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பரிசாக அளித்தான். கலையின் இலக்கணமும் கலைஞரின் ஊதியமும் இளங்கோவடிகளுக்கு ஒரே காதையில் அடங்கும் பொருள்கள். கூத்துப்பட்டறையின் பெருஞ்சாதனை என்று நான் கருதுவதும் இதையொட்டியதே. ஃபோர்டு அறநிலையத்தின் நிதி கிடைத்த காலத்தில் அது நடிகர்களை முழுநேரமாக, ஊதியம் தந்து வைத்திருந்தது. காலையில் எழுந்து பயிற்சிக்குப் போவதே ஒருவருக்கு வேலையாக இருந்தது! அயல்நாட்டுப் பணம் எக்காலமும் வராது. அது குறையும்போது பட்டறை, திரைக்கு ஆள் அனுப்பும் பள்ளியாக ஊரார் கண்ணுக்குத் தோன்றுவது இயல்பே. ஆனால் அவ்வாட்களை எடுத்துக்கொண்ட படத்துறை, உருவாக்கிய செலவில் ஒரு பங்கையேனும் தானாகத் திருப்பித் தந்ததாக யாரும் பெருமை பேசக் கேட்டதில்லை.

சோற்றுக்கு வழி இன்று பெரும்பாலும் தொலைக்காட்சியே. நம் நாடுகளிலும் அப்படித்தான். அதை இழிவாகப் பேசுவது வீட்டு வாடகை கட்டாதவர் பேச்சு. ஆனால் அதன் இயல்பையும் அறிந்து போகவேண்டும். நெடுந்தொடர்களில் ஒரே நாளில் பல காட்சிகள் எடுக்கவேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டுத் தொடர்களில் உதவி இயக்குநர் பக்கத்தில் நின்று வசனத்தை எடுத்துக் கொடுப்பதும், பிறர் பின்னர்க் குரல் கொடுப்பதும் வழக்கம். சில ஆண்டுகள் இப்படிப் போனால், மனப்பாடம் செய்யும் ஆற்றலும் சொந்தக் குரலும் நடிகரைவிட்டு மெல்ல நழுவும். அவ்விரண்டையும் காத்துக்கொள்ள ஒத்திகைக் கூடமே அவர்க்கு இடம். சிறுமுதற் படங்களின் நிலை வேறு. மலேசியாவில் சஞ்சய் குமார் பெருமாள் எடுத்த ‘ஜகாட்’ (2015) மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வு பெற்றது. நம் பேச்சும் நம் தோட்டமும் நம் முகமும் அதில் இருந்தன. அத்தகைய படங்கள் ஆண்டுக்கு ஆண்டு தொடர்ந்து வருவதில்லை. இடைவெளியில் நடிகர் எங்கே தம்மைத் தீட்டிக்கொள்வது என்பதையும் எண்ணவேண்டும்.

மாணவர்க்கு இவ்வாறு சொன்னேன்: தொலைக்காட்சி வேடத்தை விடவேண்டாம், அது உம் வீட்டுக்கு அரிசி, ஒத்திகையையும் விடவேண்டாம், ஆனால் அதனால் படவாய்ப்பு வரும் என்று எண்ணி வருவதானால் வரவேண்டாம். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, ஒத்திகை இனிச் சனிக்கிழமைக்கு மாறினால் படப்பிடிப்போடு முட்டாது, குழுத்தலைவரிடம் ஒரு சொல் சொல்வீர்களா என்று கேட்டார். சொல்லியிருக்கிறேன்.