கைவினையும் கணினி விளையாட்டும்: உழைப்பின் சித்திரிப்புப் பற்றிச் சில குறிப்புகள்

ஒரு காலத்தின் கலை வடிவங்கள் அக்காலத்து உழைப்பினை எவ்வாறு சித்திரிக்கின்றன என்பது மார்க்சியத் திறனாய்வின் அடிப்படை வினாக்களுள் ஒன்றாகும். நாவலையும் திரைப்படத்தையும் நோக்கி நாம் எழுப்பிவந்த இவ்வினாவினைக் கணினி விளையாட்டினை நோக்கியும் எழுப்பவேண்டிய தேவை இன்று ஏற்பட்டுள்ளது. கோடிக்கணக்கானோரின் ஓய்வு நேரத்தை ஆட்கொண்டுள்ள ஒரு வடிவத்தினை 'வெறும் பொழுதுபோக்கு' என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் அது ஆய்வாகாது.

சுவீடனில் மார்க்கஸ் பேர்சன் என்பவரால் உருவாக்கப்பட்டு, 2009இல் முதல் வடிவிலும் 2011இல் முழுமையாகவும் வெளிவந்தது 'மைன்கிராஃப்ட்'. இதன் விற்பனை 30 கோடிப் பிரதிகளைத் தாண்டிவிட்டதாக 2023இல் அறிவிக்கப்பட்டது. மூலப்பொருள்களைத் தேடிச் சேர்த்துக் கருவிகளை ஆக்கிக்கொள்ளும் கைவினையே இவ்விளையாட்டின் அச்சாணி எனலாம். ஆடுநர் வெறுங்கையுடன் ஓர் உலகினுள் இறங்குகிறார். கையாலேயே மரத்தைத் தகர்த்துக் குற்றி பெறுகிறார். ஒரு குற்றி நான்கு பலகைகளாகிறது. நான்கு பலகைகள் ஒரு வேலைமேசையாகின்றன. மேசையின் ஒன்பது கட்டங்களுள் மேல்வரிசையில் மூன்று பலகைகளையும், அவற்றின் கீழே நடுவில் இரு தடிகளையும் வைத்தால் பிக்கான் ஒன்று கிடைக்கிறது. மரப்பிக்கான் கல்லைப் பெயர்க்கும்; கற்பிக்கான் இரும்புத்தாதினைப் பெயர்க்கும்; அத்தாதினை உலையில் உருக்கிப் பெறும் இரும்பினாலான பிக்கானே வைரத்தைப் பெயர்க்க வல்லது.

இச்செயலில் மனிதர் இத்துணை இன்பங் காண்பது ஏன்? உலகினை மறந்திருக்க விரும்பும் மனநிலையே காரணம் என்பது பாதி விடை மட்டுமே. மிக நுட்பமாகக் கூடு கட்டும் தேனீயைவிட மிகத் திறமை குறைந்த கட்டடக் கலைஞனும் ஒரு வகையில் மேம்பட்டவன் என்றும், கட்டப்போவதனை முன்னரே மனத்தில் உருவாக்கிக் கொள்வதே அம்மேம்பாடு என்றும் 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதல் தொகுதியில் மார்க்ஸ் விளக்குவார். முதலாளித்துவ உற்பத்தியில் திட்டமிடும் மூளை ஓரிடத்தும் இயங்கும் கை வேறிடத்தும் பிரிந்துகிடக்கின்றன. செய்தவருக்கு உரியதல்ல செய்த பொருள். இவ்விளையாட்டிலோ திட்டம், மூலப்பொருள், கருவி, விளைபொருள் யாவும் ஒருவரிடமே ஒன்றுசேர்கின்றன. எனவே, பகற்பொழுதில் தம்மிடமிருந்து பறிக்கப்பட்டதனையே ஆடுநர் இரவில் திரையிலே தேடுகின்றனர் என்று கொள்ளுதல் பொருந்தும். இவ்வேட்கையினை நாம் இகழ்தற்கில்லை.

ஆயினும், அவ்வேட்கை எவ்விதம் நிறைவேற்றப்படுகிறது என்பதே முக்கியமானது. முதலாவதாக, இங்கு கைத்திறனுக்கு இடமில்லை. கட்டங்களில் பொருள்களை முறைப்படி வைத்ததுமே கருவி உருவாகிவிடுகிறது. பழகிய கைக்கும் பழகாத கைக்கும் வேறுபாடில்லை. ஒரு தச்சரோ கொல்லரோ ஆண்டுக்கணக்கிற் பயின்று கைவரப்பெறும் தேர்ச்சி இங்கு வெறுஞ் செய்முறைக் குறிப்பாகச் சுருங்கிவிடுகிறது. இரண்டாவதாக, இவ்வுழைப்புக்குச் சமூகம் இல்லை. 1719இல் டானியல் டீபோ படைத்த ரொபின்சன் குருசோவினைப் பொருளியலறிஞர் தமது கோட்பாட்டு மனிதனாகக் கொண்டாடியதை மார்க்ஸ் எள்ளிநகையாடினார். அந்தக் குருசோ கூட உடைந்த கப்பலிலிருந்து பிறருழைப்பின் விளைவான கருவிகளை எடுத்துவந்தவனே. மைன்கிராஃப்ட் மனிதனுக்கு அத்தகைய கடனும் இல்லை. தலைமுறைகளின் அனுபவமாகிய தொழிலறிவு, அவ்வுலகில் இயற்கை விதிபோலத் தோற்றமளிக்கிறது.

எனினும் வாழ்க்கை இத்தோற்றத்தினை மறுத்தே வந்துள்ளது. செய்முறைகளைக் காட்டும் ஏடு 2017இலேயே விளையாட்டினுள் சேர்க்கப்பட்டது. அதற்கு முன்னர் அவற்றை ஆடுநர் தாமே கண்டறிந்து, தொகுத்து, ஒருவருக்கொருவர் கற்பித்துக் கொண்டனர். விளையாட்டினுள் மறைக்கப்பட்ட கூட்டுழைப்பு அதன் வெளியே மீண்டும் தோன்றியது. 2014இல் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் இவ்விளையாட்டின் உரிமை நிறுவனத்தினை 250 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கியது. ஊதியமின்றித் திரட்டப்பட்ட அக்கூட்டறிவின் பயனும் அவ்விலையினுள் அடங்கியிருந்தது என நாம் கருதுகிறோம்.

கைவினையிலிருந்து ஆலைத்தொழிலுக்கு நகரும் வரலாற்றினை 2020இல் முழுமைபெற்ற 'ஃபக்டோரியோ' என்னும் செக் நாட்டு விளையாட்டிற் காணலாம். அந்நியக் கிரகம் ஒன்றில் வீழ்ந்த பொறியியலாளர் தொடக்கத்திற் கையாற் பற்சக்கரம் செய்கிறார். பின்னர் அவற்றை இயந்திரங்களிடம் ஒப்படைக்கிறார். முழு விளையாட்டிலும் 111 பொருள்களுக்கு மேற் கையாற் செய்யாது வெற்றிபெறுவோருக்குத் தனிப் பாராட்டும் உண்டு! ஆலைகள் பெருகுகின்றன, ஆயின் அவற்றில் ஒரு தொழிலாளி தானும் இல்லை. ஆலைகளின் மாசு பரவும்போது அக்கிரகத்தின் பூர்வீக உயிர்கள் தாக்கவருகின்றன; அவை அழிக்கப்பட வேண்டிய பகைகளாகவே அமைகின்றன. மாசுக்கும் எதிர்ப்புக்குமுள்ள காரண காரியத் தொடர்பினை மறைக்காது காட்டுவது இதன் சிறப்பு. அத்தொடர்பின்பால் நின்று அவ்வுயிர்களின் பக்கத்து நியாயத்தினை எண்ணிப்பாராமை இதன் எல்லை.

சுருங்கக் கூறின், இவ்விளையாட்டுக்கள் உழைப்பினைப் போற்றுகின்றன, உழைப்போரைக் காணமறுக்கின்றன. முன்னதனை மட்டும் கண்டு வியப்பதும், பின்னதனை மட்டும் கண்டு வெறுப்பதும் ஒருதலைப்பட்சமான நோக்குகளே. தன் கையால் ஒன்றைச் செய்து முடிக்கும் மகிழ்ச்சி மனிதகுலத்துக்கு உரிமையானது. அது திரைக்குள் மட்டுமே கிட்டுவதாக இருப்பதே நமது காலத்தின் குற்றம். அக்குற்றத்தினைச் சுட்டுவதோடு, அப்பிக்கானைப் பிடித்திருக்கும் கைக்கு அருகே இருக்கவேண்டிய ஏனைய கைகள் எங்கே என வினவுவதும் திறனாய்வாளரின் கடமையாகும்.