நாணயத்தின் தரமும் அச்சின் செவ்வியும்

தமிழிலே நாணயம் என்னுஞ் சொல் காசையுங் குறிக்கும். ஒருவனது நேர்மையையுங் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒரு சொல்லின்கண் வந்து கூடியமை தற்செயலெனக் கொள்வார் கொள்க. காசை நோட்டம் பார்த்து மெய்ம்மை கூறுந் தொழிலுடையாரை முன்னோர் வண்ணக்கர் என்றனர். சங்கப் புலவருள்ளே வடவண்ணக்கன் தாமோதரனார், வடமவண்ணக்கன் பேரிசாத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் என்னும் பெயர்கள் அத்தொழிலின் பழமைக்குச் சான்றாவன. அவர் ஆராய்ந்தது பொன்னின் மாற்றும் நிறையுமேயன்றிக் காசின்மேற் பொறித்த உருவின் அழகன்று. இக்காலத்து வண்ணக்கரோ மாற்றை விடுத்து உருவை நோக்குகின்றனர். காசு கடைத்தெருவை விட்டுச் சேகரிப்போர் பேழையுட் புகுந்தபின் இவ்வாறாதல் இயல்பே. ஆயினும் அவர் கூறுந் தீர்ப்பு எத்துணை உறுதியுடையதென்பது ஆராயத்தக்கது.

இத்தீர்ப்புக்கு அடிப்படையாகிய எண்முறையை வகுத்தவர் அமெரிக்கராகிய வில்லியம் ஷெல்டன். தம் நாட்டுப் பழைய செப்புச் சதங்களைப் பற்றி 1949ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் ஒன்று முதல் எழுபது வரையுள்ள அளவுகோலொன்றை அவர் அமைத்தார். அவ்வெண் காசின் நிலையை மட்டும் கூறவந்ததன்று, விலையையுங் கூறவந்தது. எழுபதாந் தரத்துக் காசு ஒன்றாந் தரத்துக் காசின் எழுபது மடங்கு பெறுமென்பது அவர் கணக்கு. விலை விரைவிலே அக்கணக்கைக் கடந்து போயிற்று. எண் மட்டும் எஞ்சி நின்று, பிற நாட்டுக் காசுகளுக்கும் பரந்தது. (அவர் 1977இல் இறந்தபின், நியூயோர்க்கிலுள்ள அமெரிக்க நாணயவியற் கழகத்தின் தொகுதியிலிருந்த நல்ல சதங்களைத் தாம் எடுத்துத் தாழ்ந்தவற்றை அவ்விடத்து வைத்த செய்தி வெளிப்பட்டு, வழக்கும் நடந்தது. நாணயம் என்னுஞ் சொல்லின் இரண்டாம் பொருளை ஈண்டு நினையாதிருத்தல் அரிது.) 1986இல் பி.சி.ஜி.எஸ்., 1987இல் என்.ஜி.சி. என்னும் நிறுவனங்கள் தோன்றிக் கூலி பெற்றுத் தரமிட்டுக் காசைப் பிளாஸ்டிக் உறையுள் அடைத்துக் கொடுக்கலாயின. ஒரே காசை உறை உடைத்து மீளவும் அனுப்பினால் வேறு தரம் பெற்று வருதலுமுண்டு. அத்தரங்களையே மதிப்பிட்டு ஒட்டுச்சீட்டு ஒட்டுதற்கு மற்றுமொரு நிறுவனம் 2007இல் எழுந்ததெனின், முதற்றீர்ப்பின் உறுதி எத்தகைத்தென வேறு கூறவேண்டா.

பிணக்கு எங்கே தொடங்குகின்றது? அச்சின் நலிவையும் கைபட்ட தேய்வையும் ஒன்றெனக் கொள்ளும் இடத்திலேயாம். இரண்டும் காசின் உயர்ந்த பகுதிகளையே முதலிற் பற்றுதலான் மேலோட்டமாய் நோக்குவார் மயங்குவர். அடி வலுக் குறைந்தபொழுது உலோகம் அச்சின் ஆழ்ந்த குழிகளுள் ஏறி நிரம்புவதில்லை. அடிபடுமுன் தகட்டின்மேலிருந்த வடுக்கள் ஆங்கு அப்படியே நிற்கும். பக்கத்தேயுள்ள ஒளி கெடாதிருக்கும். தேய்வோ அவ்வடுக்களையும் வழித்து, மேட்டை மழுக்கி, நிறத்தையும் மாற்றிவிடும். முன்னது பிறவிக் குறை. பின்னது வாழ்ந்த அடையாளம். இரண்டையும் ஒரே எண்ணுள் அடக்கின், புத்தம்புதிய நலிந்த காசு நன்கு அச்சேறிச் சிறிது புழங்கிய காசினும் உயர்ந்த எண்ணைப் பெறும். கண்ணுடையார் பலர் பின்னதையே விரும்புவர்.

இலங்கைக் காசுகளுள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு யானைக் காசுகள். ஆங்கில ஆட்சியின் தொடக்கத்தே, 1801 முதலாக, இந்நாட்டிலேயே தடித்த செப்புத் தகடுகளில் யானையுருவும் இறைசாலின் பங்கைக் குறிக்கும் எண்ணும் பொறித்துக் கையால் அடித்தனர். 1815ஆம் ஆண்டு குறித்த யானைக் காசுகளோ இலண்டனில் இயந்திரத்தால் அடிக்கப்பெற்றவை. ஒருபால் மூன்றாம் ஜோர்ஜின் தலையும் மறுபால் யானையும் ஒழுங்காய் நடுவிலமைந்தன. முன்னவற்றில் யானையின் கால் தகட்டுக்கு வெளியே நிற்றலும், ஆண்டின் ஈற்றெண் காணாமற் போதலும் உண்டு. இலண்டன் யானையை அளக்குங் கோலாற் கொழும்பு யானையை அளந்து குறை கூறுவது, பனையோலை ஏட்டை அச்சுப் புத்தகத்தோடு ஒப்பிட்டு வரி கோணிற்றென்பதை ஒக்கும்.

யாழ்ப்பாணத்தரசரின் சேதுக் காசிலே இக்குறை வரலாற்றையே தொடுகின்றது. ஒருபுறம் நிற்கும் அரசனும், மறுபுறம் படுத்த நந்தியும் மேலே பிறையும் கீழே 'சேது' என்னுந் தமிழெழுத்தும் உடைய அச்செப்புக் காசுகளை இராமநாதபுரத்துச் சேதுபதிகட்கு உரியவென முன்பு கருதினாரும் உளர். சேது என்னும் மங்கல மொழி கொட்டகமக் கல்வெட்டின் தலைப்பிலும் நிற்றலானும், அக்காசுகள் யாழ்ப்பாண நாட்டிற் பெருக அகப்படுதலானும், அவை ஆரியச்சக்கரவர்த்திகளுடையவென ஞானப்பிரகாச சுவாமிகளும் முதலியார் இராசநாயகமும் நிறுவினர். இவ்வழக்கிற்குச் சாட்சி அவ்விரண்டெழுத்தே. பல காசுகளில் அச்சு ஒருபாற் சாய்ந்து விழுந்து, எழுத்திற் பாதி தகட்டுக்கு வெளியே போயிற்று. நந்தியின் திமில் கூர்மையாய் நின்றும் எழுத்தில்லாத காசு ஒன்று. உரு மழுங்கியும் 'சேது' முழுமையாய் நிற்பது மற்றொன்று. எண்முறை முன்னதற்கே முடிசூட்டும். வரலாறு பின்னதையே வேண்டி நிற்கும். 1924இல் கொட்றிங்டன் இலங்கைக் காசுகளைப் பற்றி வெளியிட்ட நூல் எடையையும் அளவையும் எழுத்தையும் தனித்தனி கூறி அமைவது. அழகுக்கு எண்ணிட முயலவில்லை. பழங்காசுகளுக்கு அச்சையும் மேற்பரப்பையும் வேறுபிரித்து ஐந்துக்கு இத்தனையெனக் குறிக்கும் முறையை என்.ஜி.சி. பின்னர் மேற்கொண்டது. அது எழுபதினும் நேரிது என்பதில் ஐயமில்லை. எனினும் எந்த எழுத்து விழுந்தது, எது விழவில்லை என்பதை ஐந்தாம் எண்ணாலும் அறிதல் இயலாது.

இனி, ஊவா மலைநாட்டிற் காசல்லாத ஒரு பொருளும் சேகரிப்போர் கையில் இப்பொழுது விலையேறி வருகின்றது. தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த தொழிலாளருக்கு 1901 முதலாக வழங்கப்பட்ட தகர வில்லை அது. பயிர்ப் பகுதியைக் குறிக்கும் எழுத்தும் தோட்டத்தின் எண்ணும் தொழிலாளியின் எண்ணும் அதன்மேற் குத்தப்பட்டன. கயிற்றிற் கோத்துக் கழுத்திலே தொங்கவிட்டனர். அதனைக் காட்டியே கப்பலும் புகைவண்டியும் ஏறி, வழியில் உணவும் பெற்று, ஹப்புத்தளை, ஹல்துமுல்லை, கொஸ்லாந்தைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தனர். அச்செலவு தோட்டத்துக் கணக்கிலேறிப் பின்னர்க் கடனாய்த் தொழிலாளர்மேல் இறங்கியது. இவ்வில்லைக்கு மாற்றில்லை, நிறையில்லை, அரசன் தலையுமில்லை. இதற்கும் தேய்வின்மையே தரமெனக் கொண்டு, துருவைச் சுரண்டித் துலக்கி விற்பாருளர். தேயாத வில்லையெனின் அது எவர் கழுத்திலும் நெடுநாட் கிடவாதது. பெட்டியில் எஞ்சிய வில்லையாகவும் இருக்கலாம். கயிறு அறுத்துத் துளை நீண்டிருப்பதும், மார்பிற் பட்ட புறம் வழுவழுத்திருப்பதும், வியர்வைத் துருவும் ஒருவர் வழிநடந்து வந்தமைக்கு எஞ்சிய ஆவணம். அதைத் துலக்குவோர் அவ்வாவணத்தையே அழிக்கின்றனர்.

ஆயினும் இங்கேயும் அப்பழைய வினா எழவே செய்யும். ஒரு வில்லையில் இறுதி எண் மங்கியிருப்பின், முத்திரை குத்தியவன் கை அவசரத்தில் நலிந்ததா, அணிந்தவர் மார்பிற் கிடந்து எண் தேய்ந்ததா? விடை காணுதற்குரிய குறிகள் முன்னர்க் கூறியனவேயாம்: எண்ணின் அடியிலே தகட்டின் பழைய வடு நிற்கின்றதா, வழிந்துபோயிற்றா என உருப்பெருக்கியாற் காண்டல் வேண்டும். சுரண்டாத வில்லையில் மட்டுமே அது காணக்கூடும். எண்ணைச் சரிவர வாசித்தபின்னரே, தோட்டத்தின் பழைய பேரேடு எஞ்சியிருக்குமாயின், அவ்வெண்ணுக்கு நேரே எழுதிய பெயரைத் தேடவியலும்.