அரிக்கமேட்டில் எதைப் பார்க்கிறோம்?

தலைநகரில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இடிபாடுகள் புதிதல்ல. பள்ளிச் சுற்றுலா என்றால் துக்ளகாபாத், புராணா கிலா, குதுப் மினார். பழமை என்றாலே அண்ணாந்து பார்க்க வேண்டியது என்று பழகிவிட்டவர்கள் அவர்கள். அப்படிப் பழகிய என் பேத்தி, ஒரு டிசம்பர் விடுமுறையில் அரிக்கமேட்டுக்கு நடந்து போனபோது கேட்ட கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம்: "தாத்தா, இவ்வளவுதானா?"

புதுச்சேரிக்குத் தெற்கே ஏறத்தாழ 4 கி.மீ. தொலைவு. அரியாங்குப்பத்தில் பெரிய சாலையை விட்டு இறங்கி, காக்காயன்தோப்புப் பக்கமாக, மாமரங்களுக்கும் தென்னைகளுக்கும் ஊடே ஆற்றங்கரையை நோக்கி நடந்தோம். மரங்களின் நடுவே செங்கல் சுவரும் தூணுமாகப் பாழடைந்த கட்டடம் ஒன்று நின்றது. வழிகாட்ட வந்த இளைஞர், "இதுதாங்க ரோமாபுரிக்காரங்க கட்டினது" என்றார். எங்களுக்கு முன்னால் வந்த ஒரு குடும்பம் அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. நானும் எடுத்தேன், மறைப்பானேன்?

அது ரோமானியர் கட்டியதல்ல. 1770-களில் பிஞ்ஞோ தெ பெஹேன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் நடத்திய குருமடத்தின் எச்சம். பின்னாளில் வியட்நாம் அரசியலில் பெரும் பங்கு வகித்தவர் அவர். சுவரின் வயது சுமார் 250 ஆண்டு. குதுப் மினாருக்கு அது பேரனுக்குப் பேரன்! உண்மையான துறைமுகப் பட்டினம் நம் காலடியில் மண்ணுக்குள் கிடக்கிறது. அகழ்ந்து கண்ட சுவர்கள் இன்று கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு பகுதியை ஆறே அரித்துக்கொண்டு போய்விட்டது.

இந்தப் பிழைக்கு அந்த இளைஞரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அரிக்கமேடு என்றதும் ரோமானியரைத் தேடும் பழக்கத்தை நமக்குக் கற்றுத் தந்தவர் சர் மார்ட்டிமர் வீலர். இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக இருந்த அவர், 1945-இல், புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபோதே, இங்கு அகழாய்வு நடத்தினார். மறு ஆண்டு 'ஏன்ஷியன்ட் இந்தியா' இதழில் வெளியான அறிக்கையின் தலைப்பிலேயே இதை 'இந்தோ-ரோமானிய வணிக நிலையம்' என்று குறித்துவிட்டார். தில்லி திரும்பியதும் அந்த அறிக்கையையும், அவர் 1954-இல் எழுதிய 'ரோம் பியாண்ட் தி இம்பீரியல் ஃப்ரான்டியர்ஸ்' நூலையும் மீண்டும் எடுத்துப் படித்தேன்.

வீலர் செய்த நன்மையை முதலில் சொல்லிவிட வேண்டும். இத்தாலியில் செய்யப்பட்ட அரிட்டைன் என்னும் சிவப்பு மெருகுக் கலங்களின் காலம் ஐரோப்பாவில் நன்கு அறியப்பட்டது. அவை அரிக்கமேட்டின் எந்த மண் அடுக்கில் கிடைக்கின்றன என்று பார்த்து, கூடவே கிடைத்த நம் நாட்டுப் பானைகளுக்கும் காலம் குறித்தார். தென்னிந்தியத் தொல்லியலுக்கு ஒரு காலக் கணக்கு கிடைத்தது இப்படித்தான். அதை வைத்தே 1947-இல் கர்நாடகத்துப் பிரம்மகிரியையும் ஆராய்ந்தார்.

குறை எங்கே என்றால், அவர் சொன்ன கதையில். ஏதுமறியாத மீனவர்கள் ஏதோ காலம் தள்ளிக்கொண்டிருந்தார்களாம். ஒரு நாள் மேற்கிலிருந்து மதுவும் கலங்களும் வந்து இறங்கி ஊரை எழுப்பிவிட்டனவாம். கி.பி. 200 அளவில் ஊரும் முடிந்துவிட்டதாம். படிக்க அழகான நடை. ஆனால் சான்று அதற்கு இடம் தரவில்லை.

1989 முதல் 1992 வரை, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து விமலா பெக்லி, சென்னைப் பல்கலைக்கழகத்து கே.வி. ராமனுடன் சேர்ந்து மீண்டும் அகழ்ந்தார். முடிவுகள் 1996-லும் 2004-லும் இரு தொகுதிகளாக வந்தன. மேலைக் கலங்கள் வருவதற்கு முன்பே, கிறிஸ்து பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முந்தியே, இங்கே ஊர் இருந்தது. வீலர் முடித்துவைத்த காலத்துக்குப் பின்னும் நடமாட்டம் இருந்தது. சோழர் காசும் சீனப் பீங்கானும் வீலருக்கே கிடைத்தன. செங்கல் திருட வந்தவர்கள் போட்டுவிட்டுப் போனவை என்று அவர் தள்ளிவிட்டார்! உட்புறம் புள்ளி வரிசைகள் வட்டமாகப் பதித்த 'ரௌலட்டட்' தட்டுகளை மத்தியதரைக் கடல் மரபுக்கு உரியவை என்று கருதினார். அவை இந்தியாவிலேயே வனையப்பட்டவை என்று பின்னர் தெரிந்தது.

ஆனால் விமரிசனம் வெள்ளைக்காரரோடு நின்றுவிட்டால் போதுமா? நம் மேடைகளில் என்ன பேசுகிறோம்? "ரோமானியரே நம் வாசல் தேடி வந்தார்கள்" என்றால் கை தட்டுகிறோம். இது வீலரின் கதைதான்; சட்டையை மட்டும் மாற்றிப் போட்டிருக்கிறோம். வந்தவன் பெருமையில்தான் நம் பெருமை என்றால், நமக்கென்று என்ன இருக்கிறது? அதற்காக ரோமானியத் தொடர்பே பொய் என்று கிளம்புவதும் தவறு. கிரேக்கத்துக் கோஸ் தீவின் மதுச்சாடித் துண்டுகளும் இங்கே கிடைத்திருக்கின்றன. வணிகம் மெய், அதை ஊருக்குப் பிறப்புச் சான்றிதழாக்கியதுதான் பிழை.

அப்படியானால் அரிக்கமேட்டின் சொந்தச் சொத்து எது? மணிகள். கண்ணாடியை உருக்கி மெல்லிய குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கிச் செய்த சின்னஞ்சிறு மணிகள். இவ்வகை மணிகள் தென்கிழக்காசியா வரை பரவிக் கிடக்கின்றன. இந்தக் கைவேலை ஆந்திரத்துப் பாப்பநாயுடுபேட்டையில் 20-ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அடுத்தது, தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள். எகிப்தின் செங்கடல் துறைகளான பெரனிகேயிலும் குசைர் அல்-காதிமிலும் தமிழ்-பிராமி ஓடுகள் கிடைத்துள்ளன. தாய்லாந்தில் 'பெரும்பதன் கல்' என்று எழுதிய பொற்கொல்லர் உரைகல் கிடைத்தது. நம் வாசலுக்கு வந்தவர்கள் மட்டுமல்ல, நம் வாசலிலிருந்து போனவர்களும் உண்டு. பிழைப்பைத் தேடி ஊர்விட்டு வந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஊருக்குப் போகும் குடும்பங்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. முதலில் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருள்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அதன்பின் அங்கே நடந்து செல்லுங்கள். நாங்கள் தலைகீழாகச் செய்தோம். மறுநாள் அருங்காட்சியகத்தில்தான் பேத்திக்கு விடை கிடைத்தது. "கோட்டை கட்டின ராஜா இல்லம்மா, மணி கோத்தவங்க ஊரு" என்றேன். கண்ணாடிப் பேழைமேல் மூக்கை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "அப்போ நேத்து நாம அவங்க வீட்டு மேலேயா நடந்தோம்?" என்று கேட்டாள்.

ஆமாம். அதைத்தான் எனக்கும் யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும்.