பியர் குரூப்: சுருக்கமும் அதன் விலையும்

ஸ்விட்ச்சில் பி.ஜி.பி. நெய்பரை அமைக்கும்போது, எதிர்முனையின் முகவரியையும் ஏ.எஸ். எண்ணையும் பொதுவாக நிர்வாகியே எழுதித் தர வேண்டும். டைமர், கடவுச்சொல், ரூட் மேப், ப்ரிஃபிக்ஸ் வரம்பு என்று வரிகள் மேலும் சேரும். 32 லீஃப்களைத் தாங்கும் ஒரு ஸ்பைனில் அவற்றையே 32 முறை எழுதினால் எங்காவது ஒரு வரி விடுபடும். கொள்கையைக் குழுவுக்கு ஒருமுறை எழுதி, நெய்பர்களை அதில் சேர்ப்பதே பியர் குரூப்.

சிஸ்கோவின் பழைய ஐ.ஓ.எஸ்.ஸில் இதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. குழுவினர் எல்லோருக்கும் வெளிச்செல்லும் கொள்கை ஒன்றே என்பதால், அப்டேட் செய்தியை ஒருமுறை தயாரித்து அனைவருக்கும் அனுப்ப முடிந்தது. பின்னாளில் வந்த அப்டேட் குரூப் வசதியில், ஒரே கொள்கையுள்ள நெய்பர்களை மென்பொருளே கண்டு சேர்த்துக்கொள்கிறது. எனவே பியர் குரூப்பின் மதிப்பை இன்று வேகத்தை வைத்து அளக்க முடியாது. கான்ஃபிகரேஷன் எவ்வளவு தெளிவாகிறது என்பதே அளவுகோல்.

டேட்டா சென்டரில் அது நன்றாகவே தேறுகிறது. 2016இல் வெளியான ஆர்.எஃப்.சி. 7938 விவரிக்கும் அமைப்பில் லீஃப்கள் ஒரே வேலையைச் செய்பவை. அவற்றுக்கு ஒரே கொள்கை பொருந்தும். எஃப்.ஆர்.ஆர். மென்பொருளில் குழுவுக்கு 'ரிமோட்-ஏ.எஸ். எக்ஸ்டர்னல்' என்று எழுதினால், ஏ.எஸ். எண்களைக்கூடத் தனித்தனியே தர வேண்டியதில்லை.

இணைய எல்லையில் நிலைமை வேறு. பத்து வழிகளை அறிவிக்கும் வாடிக்கையாளரும் ஐயாயிரம் அறிவிப்பவரும் ஒரே குழுவில் இருந்தால், ப்ரிஃபிக்ஸ் வரம்பு பெரியவருக்கு ஏற்றபடியே இருக்கும். சிறியவரிடமிருந்து வரும் கசிவை அது தடுக்காது. அந்தத் தடுப்பு எவ்வளவு தேவை என்பதை 2019 ஜூன் 24 காட்டியது. ஒரு வாடிக்கையாளர் வழியாக வந்த தவறான வழிகளை வெரிசான் ஏற்றுப் பரப்பியதால் கிளவுட்ஃப்ளேர் உள்ளிட்ட பல சேவைகள் பாதிக்கப்பட்டன. அதற்குப் பியர் குரூப் காரணமன்று; ஆனால் வரம்பை நெய்பருக்கு நெய்பர் தனியாக வகுக்க வேண்டும் என்பதற்கு அதைவிட வலுவான சான்று தேவையில்லை.

இரண்டாவது குறை, பிழையின் வீச்சு. குழுவின் கடவுச்சொல்லைத் தவறாக மாற்றினால் அத்தனை செஷன்களும் விழும். மூன்றாவது இன்னும் நுட்பமானது. இறக்குமதி, ஏற்றுமதிக் கொள்கை எழுதப்படாத வெளி நெய்பரிடம் வழிப் பரிமாற்றமே கூடாது என்கிறது 2017இன் ஆர்.எஃப்.சி. 8212. எல்லாவற்றையும் அனுமதிக்கும் ரூட் மேப் குழுவில் இருந்தால், புதிய நெய்பருக்கும் அது தானாக வந்து சேரும்; காவல் பெயரளவில்தான் மிஞ்சும்.

ஆகவே குழுவை வசதிக்காக அன்றி, உறவை வைத்துப் பிரிக்க வேண்டும்: வாடிக்கையாளர், வழங்குநர், சமநிலைப் பியர். ப்ரிஃபிக்ஸ் எண்ணிக்கை மட்டும் அவரவர் வரியில் நிற்கட்டும். 2022இன் ஆர்.எஃப்.சி. 9234 இந்த உறவை நெறிமுறைக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. இரு முனைகளும் அதை ஆதரித்தால், ஓபன் செய்தியில் சொல்லும் பங்குகள் பொருந்தாதபோது செஷன் எழாது. குழுவிலேயே பங்கையும் எழுதிவைத்தால், நெய்பரைத் தவறான குழுவில் சேர்த்த பிழை ஒரு வழியும் பரவுமுன் பிடிபடும். பியர் குரூப்பைக் கைவிடத் தேவையில்லை. இந்தச் சோதனையோடு சேர்த்தே அதைப் பயன்படுத்த வேண்டும்.